கரு மாறிப்போனால் பெற்றோர் யார்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போச்சம்பள்ளியை அடுத்த சந்தூர்ப் பக்கம் போனவர்கள், சாலையோரம் வரிசை வரிசையாக மாங்கன்றுகளை அடுக்கி வைத்திருக்கும் நாற்றுப் பண்ணைகளைப் பார்த்திருப்பார்கள். நாட்டு மாங்கொட்டையை முளைக்கவைத்து, அந்த இளஞ்செடியின் தலையைச் சீவி, வேண்டிய ரகத்து மரத்திலிருந்து வெட்டி வந்த குச்சியை அதில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். வேர் கொட்டைச் செடியுடையது. காய் ஒட்டுக்குச்சியின் ரகம். கட்டுகிற அன்று குச்சி மாறிப்போனால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. மூன்று நான்கு ஆண்டுகள் தண்ணீர் ஊற்றி வளர்த்து, முதல் காய் பிடித்த பிறகுதான், செந்தூரா என்று வாங்கி நட்டது பெங்களூரா என்று தெரியவரும்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் நடத்திய காலத்தில் மரபணுவை விளக்க இந்த எடுத்துக்காட்டைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த வகுப்பில் படித்த மாணவி ஒருவர், திருமணமாகி எட்டு ஆண்டுகள் குழந்தை இல்லாமல், ஊரார் பார்க்கும்போதெல்லாம் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டுக் கேட்டு மனம் நொந்து, கடைசியில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்திருந்தார். எங்கோ வெளிநாட்டில் ஒரு பெண்ணின் வயிற்றில் வேறொரு தம்பதியின் கருவை வைத்துவிட்டார்கள் என்ற செய்தியைப் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார். "நீங்க சொன்ன மாங்கன்று மாதிரி ஆயிட்டா, அந்தப் பிள்ளைக்கு யார் சார் அம்மா?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சரியான பதிலை என்னால் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு படித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிகிச்சை நடக்கும் முறையைப் பார்ப்போம். சோதனைக்குழாய் குழந்தை என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் குழாயில் எந்தக் குழந்தையும் வளர்வதில்லை. பெண்ணுக்குச் சுமார் பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டுப் பல கருமுட்டைகளை ஒரே சமயத்தில் முதிரவைத்து, ஸ்கேன் பார்த்தபடி ஊசி வழியாக அவற்றை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் ஒரு சிறு தட்டில் கணவரின் விந்தணுவோடு சேர்க்கிறார்கள். உருவாகும் கருவை மூன்று முதல் ஐந்து நாள் வரை அங்கேயே வளர்த்து, மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் வைக்கிறார்கள். மிஞ்சும் கருக்களைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உறையவைத்துச் சேமிக்கிறார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கொண்டுவரும் கேனைத் திறந்ததும் வெண்புகை எழுவதை நம் ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. அதே நைட்ரஜன்தான் இங்கேயும். இந்த முறையில் உலகின் முதல் குழந்தை 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் இந்தியாவின் முதல் குழந்தை பிறந்தது.

தவறு எங்கே நுழைகிறது? முட்டைக்கும் விந்தணுவுக்கும் முகம் கிடையாது. அவை யாருடையவை என்பதை வெளியே ஒட்டிய பெயர்ச் சீட்டு மட்டுமே சொல்லும். நம் பக்கத்தில் இதற்குத் தனி ஆபத்து ஒன்று உண்டு. தருமபுரி மாவட்டத்தில் மாதேஷ், மாதம்மாள், முனியப்பன், முனியம்மாள் என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் இருக்கும், குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது, முன்னெழுத்தும் ஒன்றாக அமைந்துவிட்டால் ஒரே நாளில் சிகிச்சைக்கு வந்த இரண்டு "மா. முனியம்மாள்"களைக் காகிதத்தில் வேறுபடுத்துவது பதிவு எண்ணும் பிறந்த தேதியும் மட்டும்தான். ஆகவேதான் ஒவ்வொரு படியிலும் ஒருவர் செய்ய, இன்னொருவர் அருகில் நின்று பெயரையும் எண்ணையும் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதை நல்ல மையங்கள் கட்டாயமாக்கியிருக்கின்றன. சில இடங்களில் பார்கோடும், தவறான தட்டு மேசைக்கு வந்தால் ஒலி எழுப்பும் மின்னணுச் சீட்டும் உண்டு.

பொய் சொல்லி ஏமாற்றுவது வேறு, இந்தத் தவறு வேறு. 2025 ஜூலையில் செகந்தராபாத்தில், வாடகைத் தாய் பெற்றது என்று சொல்லி ஒரு தம்பதியிடம் கொடுத்த குழந்தை டிஎன்ஏ சோதனையில் அவர்களுடையது அல்ல என்று தெரிந்து, மருத்துவர் உள்ளிட்டோர் கைதானார்கள். அப்படிப்பட்டதைக் காவல்துறையும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும். அறத்தில் அங்கே குழப்பம் இல்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமல், ஒரு கை தவறியதால் ஒரு உயிர் இடம் மாறி வந்து சேரும்போதுதான் கேள்வி கடினமாகிறது.

தாய் என்ற சொல்லுக்குள் நாம் மூன்று செய்திகளைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறோம்: விதை கொடுத்தவள், வயிற்றில் சுமந்தவள், வளர்த்தவள். இயற்கையாகப் பிறக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மூன்றும் ஒருத்தியே என்பதால் அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை. "தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்று சொன்னவர்களே "பத்து மாதம் சுமந்து பெற்றவள்" என்றும் சொன்னார்கள். இரண்டும் வெவ்வேறு பெண்களைக் குறிக்கும் நாள் வரும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க முடியாது. ஆய்வகம் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது. அதோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்தது: சம்மதம். முட்டை தானம் பெற்றுப் பிள்ளை பெறும் பெண்ணுக்கு விதை தன்னுடையது அல்ல என்பது முன்கூட்டியே தெரியும். தெரிந்து, கையெழுத்திட்டு, ஏற்றுக்கொள்கிறார். தானம் கொடுத்தவரும் உரிமையை விட்டுக்கொடுத்துத்தான் கொடுக்கிறார். கரு மாறிப்போன இடத்திலோ, விதைக்கு உரியவரும் கொடுக்கச் சம்மதிக்கவில்லை, சுமந்தவரும் பிறருக்காகச் சுமக்கச் சம்மதிக்கவில்லை. இருவர் பக்கமும் நியாயம் முழுமையாக இருக்கிறது. குழந்தை ஒன்றுதான் இருக்கிறது.

மாங்கன்று எடுத்துக்காட்டு இந்த இடத்தில் உதவாது. கொட்டைச் செடி ஒட்டுக்குச்சியை அறிவதில்லை. தாயின் குரலைக் கரு வயிற்றுக்குள்ளேயே கேட்டுப் பழகுகிறது, பிறந்தவுடன் மற்றவர் குரலிலிருந்து அதைப் பிரித்தறிகிறது. கருவின் செல்கள் தாயின் இரத்தத்தில் கலந்து, பிரசவத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் அவர் உடலில் தங்கியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மரபணு வேறாக இருந்தாலும் சுமந்தவளின் உடல் வெறும் தொட்டி அல்ல. "பெற்றுக் கொடுத்துவிட்டுப் போ" என்று அவரிடம் சொல்லிவிட முடியாததற்குக் காரணம் பாசம் மட்டும் அல்ல.

நீதிமன்றங்களும் குடும்பங்களும் இதற்கு ஒரே விடையைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 2009இல் ஒரு பெண், தன் வயிற்றில் வைத்தது வேறொரு தம்பதியின் கரு என்று கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அறிந்தும், அதைக் கலைக்க மறுத்து, சுமந்து பெற்று, அந்தத் தம்பதியிடமே ஒப்படைத்தார். 2014இல் ரோம் நகரில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கருவுக்கு உரிய தம்பதி வழக்குப் போட்டபோது, பெற்றெடுத்தவளே தாய் என்ற அந்நாட்டுச் சட்டத்தின்படி, இரட்டைக் குழந்தைகள் சுமந்த பெண்ணுக்கும் அவர் கணவருக்கும் உரியவர்கள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2023 டிசம்பரில் ஒரு பெண் பெற்ற குழந்தையின் நிறத்தைக் கண்டதுமே தவறு தெரிந்தது. ஆயினும் ஐந்து மாதம் பாலூட்டி வளர்த்த பிறகு, மரபணுப் பெற்றோர் வழக்குத் தொடுத்ததால் அவர் குழந்தையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. கலிபோர்னியாவில் 2019இல் இரண்டு தம்பதியரின் கருக்கள் ஒன்றுக்கொன்று மாறிவிட, இரு பெண் குழந்தைகளும் சுமார் நான்கு மாதம் ஆனபோது இரு குடும்பங்களும் சந்தித்துப் பேசிக் குழந்தைகளை மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் கைக்கு ஒரு பிள்ளை வந்தது, ஒரு பிள்ளை போனது. கணக்குச் சரியாகிவிட்டது என்று வெளியே இருப்பவர்கள் சொல்லலாம், நான்கு மாதம் இரவில் விழித்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவி கேட்டார். இனப்பெருக்கத் தொழில்நுட்பத்தை முறைப்படுத்தும் சட்டம் 2021இல் இயற்றப்பட்டு, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. மையங்கள் பதிவு பெற வேண்டும். எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது. பெண்ணுக்கு 21 முதல் 50 வரை, ஆணுக்கு 21 முதல் 55 வரை வயது இருக்க வேண்டும் என்றெல்லாம் அது விதிக்கிறது. இந்த முறையில் பிறக்கும் குழந்தை, சிகிச்சையை நாடிய தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும் என்கிறது. முட்டையோ விந்தணுவோ தானம் பெற்றவர்களுக்கு இது உறுதியான பாதுகாப்பு. ஆனால் கரு மாறிய வழக்கில் இந்த வரியைப் படித்துப் பாருங்கள். கருவை உருவாக்கச் சொன்ன தம்பதியும் சிகிச்சையை நாடியவர்களே, அதைச் சுமந்து பெற்ற தம்பதியும் சிகிச்சையை நாடியவர்களே. இருவருமே அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறலாம். திருமண வாழ்வில் பிறந்த குழந்தை கணவருடையது என்று கொள்ளும் பழைய சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, இன்று புதிய சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அது பெற்றெடுத்தவரின் பக்கம் சற்றே சாய்கிறது என்பது என் வாசிப்பு.

இந்த இடத்தில் தருமபுரிக்காரர்களுக்கு நினைவுக்கு வர வேண்டிய ஒன்று உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் இந்த மாவட்டத்துக்கும் வந்தது. பெற்றவர் வளர்க்க இயலாமல் விட்டுச்சென்ற எத்தனையோ பெண் குழந்தைகளை மற்றவர்கள் தத்தெடுத்துத் தம் பிள்ளையாகவே வளர்த்திருக்கிறார்கள். விதையும் வயிறும் இல்லாமலே பெற்றோராக முடியும் என்பதை இந்த மண் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. அதே சமயம், குழந்தையை முறைப்படி ஒப்படைக்கும் பெற்றோருக்கு மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசத்தைச் சிறார் நீதிச் சட்டம் தருகிறது. வறுமையால் கொடுப்பவருக்குக்கூட யோசிக்க இரண்டு மாதம் உண்டு. ஆய்வகத் தவறால் குழந்தையை இழப்பவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவே இல்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். விடை காலத்தைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். கர்ப்பத்திலோ பிறந்த சில நாட்களிலோ தவறு தெரிந்தால், இரு குடும்பங்களும் நடுநிலையான ஆலோசகரோடு அமர்ந்து பேச இடம் உண்டு. மரபணுப் பெற்றோரின் உரிமைக்கு அப்போது கனம் அதிகம், ஆனாலும் சுமந்தவரை வெளியே நிறுத்திவிட்டு அந்தப் பேச்சு நடக்கக் கூடாது. குழந்தை முகம் பார்த்துச் சிரித்து, ஆள் தெரிந்து, பழகிய கையை விட்டால் அழத் தொடங்கிய பிறகு, அதை வேரோடு பிடுங்கி நடுவதற்கு இரத்த உறவு மட்டும் போதுமான காரணம் அல்ல. அப்போது மரபணுப் பெற்றோருக்குக் குழந்தையைப் பார்க்கும் உரிமையும், குழந்தைக்குத் தன் பிறப்பை அறியும் உரிமையும் இருந்தால் போதும் என்பேன். இதை மறுப்பவர்களின் வலியும் எனக்குப் புரிகிறது.

விந்தணு மட்டும் மாறும் வழக்குகளில் தாயைப் பற்றிச் சந்தேகம் எழாது, தந்தையைப் பற்றித்தான் எழும். டெல்லியில் 2009இல் இரட்டைப் பெண் குழந்தைகள் பெற்ற ஒரு தம்பதிக்கு, குழந்தையின் இரத்த வகை ஏபி என்று தெரிந்தபோதுதான் ஐயம் வந்தது. பெற்றோரில் ஒருவர் ஓ, மற்றவர் பி. ஓ வகையினர் தம் பிள்ளைக்கு ஏ மரபணுவையோ பி மரபணுவையோ கொடுக்க முடியாது, ஆகவே ஏபி பிறக்க வழியில்லை. (1952இல் மும்பையில் கண்டறிந்த பாம்பே வகை போன்ற மிக அரிய விதிவிலக்குகள் இருப்பதால், இரத்த வகை ஐயத்தை எழுப்பும், முடிவைச் சொல்லாது, டிஎன்ஏ சோதனைதான் முடிவைச் சொல்லும்.) 2023இல் தேசிய நுகர்வோர் ஆணையம் மருத்துவமனைத் தரப்பு மொத்தம் ஒன்றரைக் கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகர வழக்கில், 2003இல், கணவர் மற்றவரின் விந்தணுவுக்குச் சம்மதிக்கவில்லை என்பதால் அவர் சட்டப்படி தந்தை ஆக மாட்டார் என்று நீதிமன்றம் சொன்னது. இருந்தும் இரட்டைக் குழந்தைகள் அவர் வீட்டிலேயே வளர்ந்தார்கள்.

இழப்பீட்டிலும் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. நல்ல உடல்நலத்தோடு பிறந்த ஒரு குழந்தையை "நஷ்டம்" என்று கணக்கெழுதலாமா? நாளை அந்தப் பிள்ளை வளர்ந்து தீர்ப்பைப் படிக்கும்போது என்ன நினைக்கும்? சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் இதை மிகக் கவனமாக அணுகியது. சீன வம்சாவளிப் பெண் ஒருவருக்கு, ஜெர்மானியரான கணவரின் விந்தணுவுக்குப் பதில் இந்திய வம்சாவளியினர் ஒருவரின் விந்தணு சேர்ந்துவிட்டது. வளர்ப்புச் செலவை நஷ்டமாகக் கேட்க முடியாது, ஏனெனில் பெற்றோரின் கடமையைத் தீங்கு என்று சொல்லக் கூடாது என்றது நீதிமன்றம். ஆனால் தன் மரபுத் தொடர்ச்சியைப் பிள்ளையிடம் காணும் வாய்ப்பை இழந்தது உண்மையான இழப்பே என்று ஏற்று, வளர்ப்புச் செலவில் 30 விழுக்காட்டை அளவுகோலாகக் கொண்டு இழப்பீடு கொடுத்தது. பிள்ளை நஷ்டம் அல்ல, பறிபோனது வேறு என்று பிரித்துக் காட்டிய இந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் மனநிறைவு அளித்தது.

நம் ஊரில் இந்தப் பிரிவினை இன்னும் அவசியம். ஒரு கலப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி 2012இல் வீடுகளைக் கொளுத்திய மாவட்டம் தருமபுரி. இங்கே விந்தணு மாறிய குடும்பத்தின் முதல் கேள்வி "யார் பிள்ளை" என்பதாக இல்லாமல் "எந்தச் சாதி" என்பதாக இருந்துவிடலாம். அந்தக் கேள்விக்கு இழப்பீட்டில் ஒரு ரூபாய்கூட விலை இருக்கக் கூடாது. தந்தை தன் சாயலைப் பிள்ளையிடம் காண விரும்பியது இயல்பான ஆசை, அது பறிபோனது துயரம். அதற்குப் பரிகாரம் கேட்கலாம். சாதி கலந்துவிட்டது என்று பரிகாரம் கேட்பது, பிள்ளையின் நெற்றியில் சூடு போடுவதற்குச் சமம்.

மறைத்துவிடலாம் என்று தோன்றும். சொத்து, சொந்தம், அக்கா மகளுக்கு மாமனைக் கட்டும் வழக்கம் என்று எல்லாவற்றையும் நினைத்து, தெரிந்த உண்மையை வீட்டுக்குள்ளேயே புதைத்துவிடும் எண்ணம் வருவதில் வியப்பில்லை. ஆனால் பரம்பரை நோய் பற்றி மருத்துவர் கேட்கும் நாளில், பத்தாம் வகுப்பில் இரத்த வகைப் பாடம் நடக்கும் நாளில், அது வெளியே வரும். மூன்று நான்கு வயதிலிருந்தே, "நீ எங்களிடம் வந்த வழி கொஞ்சம் வேறு" என்று கதைபோலச் சொல்லத் தொடங்கினால், பதினாறு வயதில் பிறர் வாயால் கேட்டு உடைந்துபோக வேண்டியதில்லை. மையம் தன் தவறை அறிந்தும் மறைத்தால் அது முதல் தவறைவிடப் பெரியது. முதலாவது கை தவறியது, இரண்டாவது தெரிந்து செய்தது. கரு மாறியது என்றால் இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வரும்: நம் கரு எங்கே? அதற்குப் பதில் சொல்லும் கடமை மையத்துக்கு இருக்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் உறைகலன் பழுதாகி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் அழிந்தபோது, இழந்தது என்ன என்று சொல்லக்கூடச் சொல் இல்லாமல் பலர் தவித்தார்கள்.

சிகிச்சைக்குப் போகிறவர்கள் மையத்தின் பதிவுச் சான்றைப் பார்க்கத் தயங்க வேண்டாம். கையெழுத்திட்ட ஒவ்வொரு தாளுக்கும் நகல் கேளுங்கள்; உங்கள் மாதிரியைச் சரிபார்க்கும் இரண்டாம் நபர் யார் என்று கேளுங்கள். பணம் செலுத்திப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. ஐயம் உறுதியானால் புகாருக்கு இரண்டு ஆண்டு வரம்பு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் மாணவிக்குச் சென்ற தை மாதம் கரு வைத்தார்கள். மேசையில் படுக்கவைத்த பிறகு, தட்டை எடுத்து வந்த பெண் அதிலிருந்த பெயரைப் படிக்காமல், "உங்க பேரு, வீட்டுக்காரர் பேரு, பிறந்த தேதி, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டாராம். இன்னொருவர் பக்கத்தில் நின்று கோப்பைப் பார்த்துத் தலையசைத்தாராம். "மூணு முறை சொல்லச் சொன்னாங்க சார். மூணு முறையும் சத்தமாவே சொன்னேன்" என்றார்.